எலுமிச்சை, புளி, நல்லெண்ணெய்: நம் வீட்டு மார்பிளைப் பராமரிப்பது எப்படி?

கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் கொஞ்சம் பழைய இரட்டை மாடி வரிசை வீடு வாங்கினால், கீழ்த்தளக் கூடத்தில் மார்பிள் தரை இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. முன்பிருந்தவர் ஆசையாகப் போட்டது. சோபாவை நகர்த்திப் பார்த்தால் அடியில் இன்னமும் முகம் தெரியும். நடமாடும் இடம் மங்கியிருக்கும். சாமி மேடைக்கு முன்னால் எண்ணெய் ஊறியிருக்கும். சாப்பாட்டு மேசையைச் சுற்றி வட்ட வட்டமாக வெளுத்திருக்கும். புதிதாகக் குடிவருகிறவர் முதல் வேலையாகக் கடையில் இருப்பதிலேயே காட்டமான தரைக் கழுவியை வாங்கி ஊற்றித் தேய்ப்பார். மிச்சமிருந்த பளபளப்பும் அன்றோடு சரி.

அழுக்கால் கெட்ட மார்பிளை விட, சுத்தம் செய்து கெடுத்த மார்பிள்தான் நம் வீடுகளில் அதிகம். அதனால் எதையும் ஊற்றுவதற்கு முன்னால் கல்லைப் பற்றிக் கொஞ்சம்.

காலடியில் இருப்பது என்ன கல்?

பத்துமலைப் படியேறும்போது கண்ணில் படும் பாறை சுண்ணாம்புக்கல். அதே சுண்ணாம்புக்கல் பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்து மறுபடி படிகமானால் அதுதான் மார்பிள். ஈப்போ பக்கம் கிந்தா பள்ளத்தாக்கில் வெட்டி எடுப்பது அப்படிப்பட்ட கல்தான். இரண்டுமே அடிப்படையில் கால்சியம் கார்பனேட். மழைநீரில் கரைந்திருக்கும் லேசான அமிலம் காலங்காலமாக அரித்துத்தான் பத்துமலையில் அவ்வளவு பெரிய குகை உண்டானது. எலுமிச்சம்பழச் சாறு அந்த மழைநீரை விடப் பல மடங்கு புளிப்பு. அது தன் வேலையைக் காட்ட ஒரு நிமிடம் போதும்.

இன்னொரு பலவீனம், கல் மிருது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் மார்பிள் 3-ஐ ஒட்டி நிற்கிறது. செருப்பில் ஒட்டிவரும் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. மணல் மேல் நடந்தால் கீறல் விழத்தான் செய்யும்.

உங்கள் தரை நிஜமாகவே மார்பிள்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இப்போது வரும் போர்சலின் ஓடுகளில் மார்பிள் கோடுகளை அச்சடித்தே விற்கிறார்கள். கூர்ந்து பார்த்தால் ஒரே கோலம் நாலைந்து ஓடுகளில் திரும்ப வரும். நிஜக் கல்லில் எந்த இரண்டு பலகையும் ஒன்றுபோல இருக்காது. படிக்கட்டின் ஓரத்திலோ வாசற்படியிலோ வெட்டுமுகம் தெரிந்தால், மேலே ஓடும் நரம்பு கல்லின் தடிமனுக்குள்ளும் இறங்கியிருக்கும். அப்படியும் சந்தேகம் தீரவில்லையென்றால் அலமாரிக்கு அடியில், யார் கண்ணும் படாத மூலையில், ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு இரண்டு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் மங்கிவிட்டால் மார்பிள். ஒன்றும் ஆகவில்லையென்றால் போர்சலின், கிரானைட், குவார்ட்ஸ் பலகை இவற்றில் ஒன்று. அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையே இல்லை.

இரண்டு விதிவிலக்குகள். 'பச்சை மார்பிள்' என்று விற்பது பெரும்பாலும் செர்பன்டைன் என்ற வேறு கல். எலுமிச்சை அதை அவ்வளவாகத் தொடாது, ஆனால் தண்ணீரில் ஊறினால் வளைந்துபோகும். அடுத்தது டெராசோ. பினாங்கில் பழைய வீடுகளிலும் கடைவீடுகளிலும் பார்க்கலாம், சிமெண்டில் கல் சில்லுகளைப் பதித்து இழைத்த தரை. அந்தச் சில்லுகள் பெரும்பாலும் மார்பிள். சிமெண்டையும் அமிலம் அரிக்கும். ஆகவே கீழே சொல்லும் கட்டுப்பாடுகள் டெராசோவுக்கும் உண்டு.

கறையா, தழும்பா, கீறலா?

இதைப் பிரித்துப் பார்க்காமல் மருந்து போடுவதால்தான் பாதிக் காசு வீணாகிறது. இரவில் கூடத்து விளக்கை எல்லாம் அணைத்துவிடுங்கள். கைப்பேசியின் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து, ஒளி கிடைமட்டமாக ஓடும்படி பிடித்துக்கொண்டு, நீங்களும் குனிந்து எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். பகலில் கண்ணுக்கே தெரியாதது எல்லாம் அப்போது தெரியும்: கோப்பை வைத்த வட்டங்கள், மேசையிலிருந்து சொட்டிய துளிகளின் வரிசை, நாற்காலிக் கால் இழுபட்ட கோடு.

சுற்றியிருக்கும் கல்லை விடக் கருமையாக, அல்லது மஞ்சளாகவோ பழுப்பாகவோ, ஆனால் பளபளப்புக் குறையாமல் இருந்தால் அது கறை. ஏதோ ஒன்று கல்லுக்குள் இறங்கியிருக்கிறது. வெளியே இழுக்க வேண்டும். நிறம் மாறாமல், அல்லது சற்று வெளுத்து, பளபளப்பு மட்டும் போயிருந்தால் அது அமிலத் தழும்பு. அங்கே துடைத்தெடுக்க எதுவுமே இல்லை. கல்லின் மேற்பரப்பே கரைந்து போயிருக்கிறது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. இழைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். கோடு கோடாக இருந்தால் கீறல். நடைபாதை முழுக்க மங்கலாக இருந்தால் ஆயிரக்கணக்கான நுண்கீறல்கள் சேர்ந்த தேய்மானம்.

ஒரே இடத்தில் கறையும் தழும்பும் சேர்ந்தே இருக்கலாம். சாம்பார் கொட்டிய இடத்தில் புளி அரித்திருக்கும், மஞ்சள் இறங்கியிருக்கும். அங்கே கறையை முதலில் எடுங்கள், பளபளப்பை அப்புறம் பாருங்கள்.

அன்றாடச் சுத்தம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

1. வாசலுக்கு வெளியே ஒரு மிதியடி, உள்ளே ஒன்று. நம் ஊரில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறோம் என்பதால் பாதி வேலை முடிந்தது. ஆனால் வெறுங்காலோடு கார் நிறுத்துமிடத்துக்குப் போய்வருகிறவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள்.

2. தண்ணீர் படும் முன் தூசியை உலர்வாக எடுங்கள். மைக்ரோஃபைபர் மோப் போதும். புகைமூட்டக் காலத்தில் தினமும் எடுப்பது நல்லது. மணலோடு ஈரத்துணியைப் போட்டு இழுத்தால் தரையை உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம்.

3. வெதுவெதுப்பான தண்ணீரில், கல்லுக்கென்று விற்கும் பிஎச் 7 (அமிலமும் இல்லை, காரமும் இல்லை) கழுவியைப் போத்தலில் போட்டிருக்கும் அளவில் கலந்துகொள்ளுங்கள். அது கிடைக்கவில்லையென்றால் ஒரு வாளிக்குப் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி. எலுமிச்சை சேர்த்த வகை வேண்டாம். கூடுதலாக ஊற்றினால் சோப்புப் படலம் தங்கி, தரை மங்கலாகவே தெரியும்.

4. மோப்பை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். தண்ணீர் அழுக்கானால் மாற்றுங்கள். கடைசியில் வெறும் தண்ணீரில் ஒரு முறை, பிறகு காய்ந்த துணியால் ஒரு முறை.

தொடவே கூடாதவை: வினிகர், எலுமிச்சை, டாய்லெட் கழுவி (பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும்), துரு நீக்கி, உப்புக்கறை நீக்கி, தேய்க்கும் பவுடர், இரும்பு நார். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'வினிகரும் ஆப்பச் சோடாவும் கலந்து ஊற்றினால் தரை மின்னும்' குறிப்பை எந்த அத்தை அனுப்பினாலும் நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். நுரை பொங்குவது சோடாவும் வினிகரும் மோதுவதால். மிஞ்சிய வினிகர் உங்கள் தரையோடும் மோதும். பிளீச்சை வாடிக்கையாகப் போட வேண்டாம். அதை எந்த அமிலக் கழுவியோடும் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

சாமி மேடை, வாசல், விருந்து

வெளிநாட்டுக் கையேடுகள் ஒயினையும் காப்பியையும் பற்றித்தான் எழுதுகின்றன. நம் வீட்டு மார்பிளுக்கு ஆபத்து வேறு திசைகளிலிருந்து வருகிறது.

வெள்ளிக்கிழமை வாசலின் இரு பக்கமும் எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டிக் குங்குமம் தடவி வைப்போம். வாசற்படி மார்பிளாக இருந்தால் பழத்தின் சாறு கசிந்து இரண்டு பக்கமும் வட்டமாகத் தழும்பு விழும். குங்குமச் சாயம் நேராக அந்தத் தழும்புக்குள் இறங்கும். பல வீடுகளில் அந்த இரண்டு வட்டங்களைப் பார்த்தே வெள்ளிக்கிழமை தவறாத வீடு என்று சொல்லிவிடலாம். ஒரு சிறு எவர்சில்வர் தட்டோ கண்ணாடித் தட்டோ போதும். பழம் தட்டில் இருந்தால் திருஷ்டி கழியாது என்று சாஸ்திரம் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.

குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதைப் பின்கட்டுச் சமையலறைத் தொட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பித்தளையைப் பளிச்சென்று ஆக்கும் அதே அமிலம்தான் மார்பிளை மங்கவைக்கிறது. துலக்கிய விளக்கை நன்றாக அலசாமல் கொண்டுவந்து வைத்தால், அடிப்பாகத்தின் அச்சு அப்படியே தரையில் விழும்.

விளக்கு எண்ணெய் இன்னொரு வகைத் தொல்லை. நல்லெண்ணெய் அமிலத் தழும்பு போடாது, ஆனால் ஊறும். முதலில் சற்றுக் கருத்து, பின்பு மஞ்சளித்து, வருடக்கணக்கில் விட்டால் கல்லின் உள்ளே வெகு ஆழம் போய்விடும். விளக்குக்குக் கீழே விளிம்பு உயர்ந்த தாம்பாளம் வையுங்கள். கற்பூரத் தட்டையும் நேராகக் கல்லின் மேல் வைக்க வேண்டாம், கரியும் சூடும் இரண்டும் கெடுதல்.

சூடு என்றதும் புதுமனை ஹோமம் நினைவுக்கு வருகிறது. மார்பிளில் இருக்கும் கால்சைட் படிகம் சூடானால் ஒரு திசையில் விரியும், இன்னொரு திசையில் சுருங்கும். அதனால் படிகங்களுக்கு இடையிலான பிடி தளர்ந்து, மேற்பரப்பு சர்க்கரைபோலப் பொலபொலவென உதிர ஆரம்பிக்கும். அதை எந்தப் பாலிஷும் முழுதாகக் கொண்டுவராது. ஹோம குண்டத்தைக் கார் நிறுத்துமிடத்தில் வைத்துக்கொள்ள முடியுமா என்று ஐயரிடம் கேளுங்கள். கூடத்தில்தான் என்றால் பலகை, அதன் மேல் செங்கல், அதன் மேல் தடிமனாக மணல், அப்புறம் குண்டம். பால் காய்ச்சும் அடுப்புக்கும் ஒரு பலகை வேண்டும்.

தீபாவளிக்கு ரங்கோலிப் பொடி உலர்ந்தே இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. யாராவது அதன் மேல் தண்ணீரைக் கொட்டினால் சாயம் இறங்கிவிடும். பலகையிலோ தடித்த பிளாஸ்டிக் விரிப்பிலோ போட்டுவிட்டால் கவலையில்லை. திறந்த இல்ல உபசரிப்பில் குளிர்பானம், எலுமிச்சைத் தண்ணீர், ரசம் எல்லாமே அமிலம்தான். விருந்தாளி முன்னால் ஓடிப்போய்த் துடைக்கக் கூச்சமாக இருக்கிறது என்றால், அந்த இடங்களில் ஒரு கம்பளம் விரித்துவிடுங்கள். பினாங்கு உறவுக்காரர்கள் புளி சேர்த்த மீன் நூடல்ஸான அசாம் லக்சாவோடு வந்தால் மேசைக்கு விரிப்பும் அவசியம். சிந்திவிட்டால் இழுத்துத் துடைக்காதீர்கள். ஒற்றி எடுங்கள், தண்ணீர் விட்டு மறுபடி ஒற்றுங்கள்.

சீலர்: என்ன செய்யும், என்ன செய்யாது

கடைக்காரர் சொல்லாத ஒரு விஷயம்: கல்லுக்குப் பூசும் பாதுகாப்புத் திரவமான சீலர், கறை உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும்; அமிலத் தழும்பைத் தடுக்காது. கல்லுக்குள் ஊறி நுண்துளைகளைச் சுற்றிப் படியும் வகையைத்தான் வாங்க வேண்டும். மேலே படலமாக நிற்கும் வகை கீறிக்கொள்ளும், மஞ்சளிக்கும், ஈரத்தை உள்ளே பூட்டியும் வைக்கும்.

தேவையா என்று பார்க்க, தரையில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். துடைத்தபின் அடியில் கருத்திருந்தால் கல் குடிக்கிறது, சீலர் போடலாம். கருக்கவில்லையென்றால் இப்போது வேண்டாம்.

போடும் முறை எளிது. தரையை நன்கு கழுவி முழுதாகக் காயவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கு ஒரு நாள் விசிறி ஓடட்டும். சன்னல்களைத் திறந்துவைத்து, துணியால் மெலிதாகத் தடவி, போத்தலில் சொன்ன நேரம் கழித்து மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் மேலே காய்ந்து பிசுபிசுப்பாக நிற்கும். சமையல் மேடைக்கு அடிக்கடி தேவைப்படும், கூடத்துக்கு அவ்வளவு வேண்டாம். காலண்டரைப் பார்க்காமல் தண்ணீர்ச் சொட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கறைக்குப் பத்து போடுதல்

வீக்கத்துக்குப் பாட்டி பத்து போட்டது நினைவிருக்கும். இங்கேயும் அதே முறைதான். ஒரு பொடியும் ஒரு திரவமும் சேர்ந்த பசை. திரவம் உள்ளே போய்க் கறையைக் கரைக்கும், பசை காயும்போது அதை மேலே உறிஞ்சிக்கொள்ளும்.

பொடிக்கு ஆப்பச் சோடா போதும். திரவம் கறையைப் பொறுத்தது. மஞ்சள், காப்பி, தேநீர், குங்குமம், மருதாணி, பூச்சாறு போன்றவற்றுக்கு மருந்துக்கடையில் 3 அல்லது 6 சதவீதத்தில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. எண்ணெய், நெய், தலைக்குத் தடவும் தைலம் போன்றவற்றுக்கு அசிட்டோன். கறுப்பு, அடர்பச்சை, அடர்பழுப்புக் கற்களைப் பெராக்சைடு வெளுக்கச் செய்யலாம் என்பதால் முதலில் மூலையில் சோதியுங்கள். கையுறை கட்டாயம்.

1. கறை படிந்த இடத்தைக் கழுவித் துடைத்து, வெறும் தண்ணீரால் லேசாக ஈரமாக்குங்கள். எண்ணெய்க் கறையென்றால் ஈரம் வேண்டாம்.

2. இட்லி மாவை விடக் கெட்டியாக, சப்பாத்தி மாவை விட இளக்கமாகப் பசை குழைத்துக்கொள்ளுங்கள்.

3. அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு, கறையின் விளிம்பைத் தாண்டி ஒரு விரல் அகலம்வரை பூசுங்கள்.

4. சமையலறை பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரத்தைப் பெயின்டர் டேப்பால் ஒட்டி, ஊசியால் சில துளை போட்டு, 24 மணி நேரம் விடுங்கள்.

5. தாளை எடுத்துவிட்டு, பசை தானாகக் காய்ந்து வெடிக்கும்வரை காத்திருங்கள். பலர் பொறுமை இழப்பது இங்கேதான். கறை மேலேறுவது காயும்போதுதான். ஈரமாக இருக்கும்போதே சுரண்டினால் போட்டதற்குப் பலனில்லை. மழைக்காலத்தில் இன்னும் ஒரு நாள் ஆகலாம்.

6. பிளாஸ்டிக் அகப்பையால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, கல் காய்ந்தபின் பாருங்கள். கறை குறைந்திருந்தால் மறுபடி போடுங்கள். பழைய கறைக்கு மூன்று நான்கு தடவை தேவைப்படுவது சகஜம்.

மஞ்சள் கறைக்குப் பத்து போடும்போது ஒரு விஷயம் நடக்கும். சோடா பட்டதும் மஞ்சள் சட்டென்று சிவக்கும். பயந்துபோய்க் கழுவிவிடாதீர்கள். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் சிவப்பது இயல்பு. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்ததும் தண்ணீர் இரத்தச் சிவப்பாவது இதனால்தான். பெராக்சைடு மெதுவாக அந்த நிறத்தையே உடைத்துவிடும். குர்குமின் வெளிச்சத்திலும் மங்கும். சன்னலோரத் தரை என்றால் பத்து எடுத்தபின் திரையை விலக்கிவைத்து வெயிலையும் ஒரு கை பார்க்கவிடுங்கள்.

அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். சாமி மேடை எண்ணெய்க்கறைக்கு அதைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதால், விளக்கு, ஊதுவத்தி எல்லாம் அணைந்திருக்க வேண்டும், சன்னல் திறந்திருக்க வேண்டும். பத்து காய்ந்து எடுக்கும்வரை சாமிக்கு வேறு இடத்தில் விளக்கேற்றுங்கள். இப்போதுதான் சிந்திய எண்ணெய் என்றால் இவ்வளவு பாடு வேண்டாம்: ஒற்றி எடுத்து, மேலே சோள மாவைக் குவித்து, இரவு முழுக்க விட்டால் பெருமளவு ஏறிவிடும்.

துருக்கறையை வீட்டில் தொடாதீர்கள். துருவை எடுக்கும் வழக்கமான பொருள்கள் எல்லாம் அமிலம்.

அமிலத் தழும்பை எடுப்பது

உள்ளங்கை அளவுத் தழும்பை நீங்களே எடுக்கலாம். தழும்பின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். விளிம்பு தட்டுப்படவில்லை, பளபளப்பு மட்டும் போயிருக்கிறது என்றால் மார்பிள் பாலிஷ் பவுடர் போதும். கல் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் வெள்ளைப் பொடி. டின் ஆக்சைடோ அலுமினியம் ஆக்சைடோ இருக்கும். சிலவற்றில் ஆக்சாலிக் அமிலமும் சேர்ந்திருக்கும் என்பதால் கையுறையோடு, அளவாக.

1. இடத்தைக் கழுவி, சுற்றிலும் டேப் ஒட்டுங்கள்.

2. ஒரு தேக்கரண்டிப் பொடியை வைத்து, கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்.

3. ஈரமான ஃபெல்ட் துண்டாலோ தடித்த பருத்தித் துணியாலோ அழுத்தி வட்டமாகத் தேயுங்கள். சில நிமிடத்தில் பசை இறுகிக் கைக்குப் பாரமாகத் தெரியும். பளபளப்பு வருவது அப்போதுதான். உலரவிடாமல் துளித்துளியாகத் தண்ணீர் சேருங்கள்.

4. நிறையத் தண்ணீரில் கழுவித் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தேவைப்பட்டால் திரும்பவும்.

நகத்துக்குத் தட்டுப்பட்டால் பவுடர் மட்டும் போதாது. கையால் தேய்க்கும் டைமண்ட் பேட் வேண்டும்: 400, 800, 1500, 3000 என்ற கிரிட் வரிசையில் (கிரிட் என்பது சொரசொரப்பின் எண்; எண் கூடக்கூடச் சொரசொரப்பு குறையும்), ஒவ்வொன்றையும் தண்ணீரோடு. ஒரு பேடை ஒரு திசையில் தேய்த்தால் அடுத்ததை அதற்குக் குறுக்காகத் தேயுங்கள். முந்தைய கோடுகள் மறைந்துவிட்டனவா என்று அப்போதுதான் தெரியும். இடையில் ஒன்றைத் தாண்டிப் போனால் அதன் கீறல் கடைசிவரை நின்று முறைக்கும். ஒவ்வொரு பேடுக்கும் பரப்பைச் சற்று அகலப்படுத்திக்கொண்டே போனால் குழி தெரியாது. கடைசியில் பவுடர்.

சமையல் மேடைக்கு என் கருத்து வேறு. கண்ணாடிப் பளபளப்பை விட்டுவிட்டு, 400 அல்லது 800-ஓடு நிறுத்தி மங்கலான மெருகாகவே வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை பிழியாத, சம்பால் இடிக்காத சமையலறை நமக்கு ஏது? மங்கல் மெருகில் புதுத் தழும்பு கண்ணுக்கே தெரியாது. பினாங்கின் பழைய கோப்பித்தியாம் காப்பிக் கடைகளில் மார்பிள் மேசைகளைப் பாருங்கள். எத்தனையோ வருடக் காப்பியும் எலுமிச்சைச் சாறும் பார்த்தவை. மினுமினுப்பு ஏதும் இல்லை, ஆனால் யாரும் அவற்றை அசிங்கம் என்று சொன்னதில்லை. பழைய சாமான் கடைகளில் தேடித்தேடி வாங்குகிறார்கள்.

ஆளைக் கூப்பிடும்போது

கூடம் முழுக்க மங்கியிருந்தாலோ ஓடுகள் ஏறி இறங்கி நின்றாலோ கையால் ஆகாது. கைக் கிரைண்டர் வாங்கி நீங்களே இறங்கவும் வேண்டாம். தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்த வேலை. பழக்கமில்லாத கையில் அந்த இயந்திரம் தரையில் பள்ளம் விழுத்தும்.

பாலிஷ் ஆள்களில் இரண்டு வகை. ஒருவர் டைமண்ட் வட்டுகளைக் கனத்த இயந்திரத்தில் பூட்டி, தண்ணீர் விட்டு, 50 அல்லது 100 கிரிட்டில் தொடங்கி 3000 வரை படிப்படியாக இழைப்பார். இன்னொருவர் நேராக ஒரு திரவத்தைத் தெளித்து இரும்பு நார் வட்டால் தேய்ப்பார். ஒரே நாளில் தரை மின்னும், கூலியும் குறைவு. இந்த இரண்டாவதற்குப் பெயர் கிரிஸ்டலைசேஷன். திரவத்தில் இருக்கும் ஃபுளூரோசிலிகேட் என்ற வேதிப்பொருள் கல்லின் மேற்பரப்போடு சேர்ந்து மெல்லிய, கடினமான அடுக்கை உண்டாக்குகிறது. ஒழுங்காக இழைத்த தரைக்கு மேல் முடிப்பாகச் செய்தால் தப்பில்லை. இழைக்காமல் செய்தால் கீறலுக்கும் தழும்புக்கும் மேல் மினுக்கு ஏற்றியதுதான் மிச்சம். இரும்பு நார்த் துகள்களைச் சரியாகக் கூட்டி எடுக்காமல் போனால், நம் ஊர் ஈரத்தில் அவை துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாக நிற்கும்.

எனவே விலை கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: "அண்ணே, தண்ணி விட்டு இழைப்பீங்களா, இல்ல கெமிக்கல் மட்டுமா? எந்த கிரிட்ல ஆரம்பிப்பீங்க?" நேராகப் பதில் சொல்கிறவரிடம், சோபாவுக்குப் பின்னால் மூன்றடிக்கு மூன்றடி மாதிரி செய்துகாட்டச் சொல்லுங்கள். மாதிரி செய்ய மறுக்கிறவரை விட்டுவிடலாம். சதுர அடிக் கூலியில் ஓட்டை அடைப்பு, மூட்டுகளைப் புதுப்பித்தல், சீலர் எல்லாம் அடங்குமா என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். வேலை பாதியில் இருக்கும்போது 'அதுக்குத் தனிக் காசு போஸ்' என்று வருவது இந்த மூன்றில்தான்.

இழைக்கும்போது வரும் வெள்ளைச் சேற்றை ஈர வேக்குவத்தால் உறிஞ்சி வாளியில் எடுத்துப்போகச் சொல்லுங்கள். கழிவுநீர்த் துளையில் ஊற்றினால் உள்ளே படிந்து குழாயை அடைத்துவிடும். மர அலமாரிகளின் அடிப்பாகத்தை இடுப்பளவுக்குப் பிளாஸ்டிக் போட்டு மூட வேண்டும். கொண்டோவில் இருப்பவர்கள் நிர்வாக அலுவலகத்தில் அனுமதியும் வேலை நேரமும் கேட்டுவிட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும்.

முடிந்ததும் சாய்ந்த டார்ச் ஒளியில் ஓரங்களைப் பாருங்கள். நடுவில் எல்லாரும் நன்றாகச் செய்வார்கள்; சுவரோரமும் தூணைச் சுற்றியும்தான் கைவேலை தெரியும். தளவாடங்களை இழுக்காமல் தூக்கி வையுங்கள், கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டுங்கள். சீலர் போட்டிருந்தால் முழுதாக இறுகும்வரை கம்பளம் விரிக்க வேண்டாம்.

எந்தப் பாலிஷும் உதவாத நிலை

கீழ்த்தளத்தில், பெரும்பாலும் குளியலறைச் சுவரையோ பின்பக்கத்தையோ ஒட்டி, ஓட்டு மூட்டுகளில் வெள்ளை மாவு போலப் பூக்கிறதா? கல் அங்கங்கே செதில் செதிலாக உதிர்கிறதா? வெள்ளைக் கல் காரணமில்லாமல் மஞ்சளிக்கிறதா? மூன்றுக்கும் பெரும்பாலும் அடியில் இருக்கும் ஈரம்தான் காரணம். நிலத்து ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு மேலேறி, காயும்போது உப்பை விட்டுப் போகிறது; கல்லுக்குள்ளேயே காய்ந்தால் படிகம் வளர்ந்து கல்லை உடைக்கிறது. வெள்ளை மார்பிளில் கலந்திருக்கும் கொஞ்சம் இரும்பும் ஈரத்தில் துருவேறி மஞ்சளாகிறது.

இந்த நிலையில் சீலர் போட்டால் இன்னும் மோசமாகும். வெள்ளை மாவை ஈரத்துணியால் துடைத்தால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். உலர்ந்த தூரிகையால் பெருக்கி எடுங்கள். முதலில் குழாய் வேலைக்காரரை வைத்துக் கசிவு எங்கே என்று கண்டுபிடியுங்கள். கசிவை அடைத்தபின் சில வாரம் தரையைத் திறந்தே விட்டு, தினமும் உப்பைப் பெருக்கிவாருங்கள். பூப்பது நின்ற பிறகு உதிர்ந்த ஓடுகளை மட்டும் மாற்றி, மற்றவற்றை இழைக்கச் சொல்லுங்கள். மாற்று ஓடு அதே நிறத்தில் புதிதாகக் கிடைப்பது கடினம். மாடிப்படிக்கு அடியிலோ ஸ்டோர் அறையிலோ அதே கல் இருந்தால் அங்கிருந்து பெயர்த்துக் கூடத்தில் போட்டு, ஸ்டோர் அறைக்கு வேறு ஓடு போட்டுக்கொள்ளலாம்.